ரெண்டு வரி

இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருஷமாகியும் அப்பாவுக்கு இங்குள்ள பாஷை வரவில்லை. ஆஸ்பத்திரியானாலும் ஆபீஸானாலும் பதினாறு வயது மகள்தான் அவருக்கு வாய். இன்று அவளுடைய பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

"டீச்சர்கிட்ட சொல்லும்மா. நாளைக்கு ஊருக்குப் போறோம், உனக்குக் கல்யாணம், இனிமே படிக்க வரமாட்டேன்னு."

மகள் பையின் வாரைத் திருகிக்கொண்டே தயங்கினாள். அப்பா முறைத்தார். மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள்.

"ரெண்டு வரிக்கு இவ்வளவு நேரமா?"

"இவங்க பாஷையில மரியாதையா சொன்னா நீளும்ப்பா."

டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னவாம்?"

"ஃபாரம் எடுத்துட்டு வர்றாங்களாம். உங்களை உட்காரச் சொன்னாங்க."

"பாத்தியா? நீதான் சும்மா பயந்து செத்தே. எவ்வளவு சந்தோஷமா சிரிச்சாங்க!"

மகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம், படிக்கணும், உதவிக்கு யாரையாவது கூப்பிடுங்க என்பதையெல்லாம் அவள் பிறகுதான் சொன்னாள். முதலில் சொன்னது இது:

"நான் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே கேளுங்க, டீச்சர். அப்பா உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கார்."