பதினேழாம் பக்கத்துத் தீவு

"அம்மா, இது முதல் வாரம் வந்த அதே புத்தகம்."

மகள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதைச் சொன்னாள். அவளோடு பிறந்த தம்பி, தப்பித்துப் போக வழி விடாதவனைப் போலக் கதவில் சாய்ந்துகொண்டான்.

அடுப்பில் தேநீர் கொதித்தது. முன்னறையில் சாம்பிள் சார் உட்கார்ந்திருந்தார்.

அது பிள்ளைகள் வைத்த பெயர். அவர் பாடநூல் விற்பனையாளர். ஐந்து வாரமாக, வியாழக்கிழமை தவறாமல், பையும் கையுமாக வருகிறார். வாரத்துக்கு ஒரு வரலாற்றுப் பாடத்திட்டம், மாதிரிப் பிரதியாக.

தபாலில் அனுப்பினாலே போதும் என்று முதல் வாரம் அம்மா சொல்லியிருந்தாள். இரண்டாம் வாரம் அதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

இரட்டையர்கள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். அடுத்த வருஷம் தனித்தேர்வு. கணக்கில் பாதி முடிந்துவிட்டது, அறிவியல் ஓடிக்கொண்டிருக்கிறது. வரலாறு மட்டும் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

காரணம், அம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒன்றில் வரைபடம் மங்கல். ஒன்றில் எழுத்து பொடி. ஒன்றில் பசை வாடை.

பிள்ளைகளுக்கு முதல் புத்தகமே பிடித்திருந்தது. அதில் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. பழைய துறைமுகம் ஒன்றில் தீப்பிடிக்கிறது. நான்கு சாட்சிகள் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். யாரை எவ்வளவு நம்பலாம் என்று படிக்கிறவர்தான் ஆராய்ந்து முடிவெழுத வேண்டும். அம்மா அதைத் திருப்பிக் கொடுத்த அன்று மகன் யாரோடும் பேசவில்லை.

அன்று அதற்குப் பச்சை அட்டை. இன்று வந்தது நீலம்.

"எதை வச்சு அதேங்கறே?" அம்மா தேயிலையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

மகன் பதினேழாம் பக்கத்தை விரித்துக் காட்டினான். துறைமுகத்தின் வரைபடம். கடலுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு தீவு.

எந்தக் கடலிலும் இல்லாத தீவு அது. முதல் வாரம் அம்மா கோப்பையைப் பார்க்காமல் தேநீர் ஊற்றியதில் உண்டானது. அப்போது அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு.

"சரக்கு தீர்ந்துபோச்சு அவருக்கு. புது அட்டை போட்டுக் கொண்டாந்திருக்கார்," என்றான் மகன்.

"பாவம், மறந்து எடுத்துட்டு வந்திருப்பார்."

"மறந்துபோய் யாராவது அட்டை மாத்துவாங்களா? சரி, அவரை விடு. நீ?" என்றாள் மகள்.

"எனக்கென்ன?"

"நீ மெய்ப்புத் திருத்தற ஆளு. முந்நூறு பக்கத்துல ஒரு காற்புள்ளி காணாமப் போனா பதிப்பகத்தையே ரெண்டாக்குவே. இவ்வளவு நேரமா இதைப் புரட்டிட்டு வந்திருக்கே. உன் கண்ணுல ஒண்ணும் படலையா?"

அம்மா அடுப்பைத் தணித்தாள். வடிகட்டியைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

"பட்டுது," என்றாள்.

அப்பா இறந்தபோது இரட்டையர்களுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அம்மா எதிலும் பிடிபட்டு அவர்கள் பார்த்ததில்லை. அவளுக்குக் காது சிவக்கும் என்பதே இன்றுதான் தெரிந்தது.

"ஆள் தனிக்கட்டை. ரெண்டு இடத்துல விசாரிச்சாச்சு. தகவல் ஒத்துப்போகுது," என்றான் மகன்.

மகள் அவன் காலை மிதித்தாள்.

"இன்னும் ஒரு வாரம் வேணா பொறுத்துக்கறோம்மா. இதையும் பிடிக்கலைன்னு சொல்லிடு. அடுத்த வாரம் மஞ்சள் அட்டையில வரும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் தலையை ஆட்டினாள்.

"வேணாம். உங்க படிப்பை வச்சு நான் விளையாடினது போதும்."

கோப்பைகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு நடந்தாள். தீர்ப்புக் கேட்கப் போகிறவர்களைப் போல இருவரும் பின்னால் போனார்கள்.

சாம்பிள் சார் எழுந்து நின்றார்.

"இதையே எடுத்துக்கறோம்," என்றாள் அம்மா.

"ரொம்ப சந்தோஷம்."

சொன்னவரின் முகம் வாடியிருந்தது. வியாபாரம் முடிந்தவரின் முகம் அப்படி இருக்காது. அவர் உட்கார்ந்து பையை மூடப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.

"இதோட மத்த பாகமெல்லாம் தபால்ல வந்துடும். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியிருக்காது."

தேநீரை யாரும் தொடவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றாள் அம்மா, தட்டைப் பார்த்தபடி. "வாரா வாரம் வெளியாள் ஒருத்தர் வந்து, பசங்க எழுதினதைக் குறுக்குக் கேள்வி கேக்கணும்னு இதுல எங்கேயோ போட்டிருந்ததே?"

ஜிப்பிலிருந்து அவர் கை விலகியது.

அந்தப் புத்தகத்தை அவர் எத்தனையோ வீடுகளில் விற்றிருக்கிறார். அதன் ஒவ்வொரு வரியும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ஆமா," என்றார். "போட்டிருக்கு. பதினேழாம் பக்கத்துல."

மகன் புத்தகத்தைத் திறந்தான். மகளும் குனிந்தாள். துறைமுகம் இருந்தது, கடல் இருந்தது, தீவு இருந்தது. வேறு ஒரு வாக்கியம்கூட இல்லை.

யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே, நீயே எடுத்துப் பார் என்பதுதான் அந்தப் பாடத்திட்டத்தின் முதல் விதி.

இருவரும் எடுத்துப் பார்த்தார்கள். நிதானமாகப் பார்த்தார்கள்.

பிறகு மகள் புத்தகத்தை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"தெளிவா போட்டிருக்கும்மா," என்றாள். "வியாழக்கிழமைன்னுகூட."