மை தீட்டும் முன்

அருணகிரி எழுந்து, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி குடித்து, மீசையை மழிக்கிறான். இன்று காமன் கூத்து. புருஷனைப் பறிகொடுத்து அழும் ரதி வேஷம், தேயிலைத் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரான அவனுக்கு. வேஷம் கட்டும் பேச்சியம்மா அரைநாள் வேலையோடு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். கொழுந்து பறித்துச் சில்லிட்ட விரல்களை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கிக்கொண்டு, லயத்து வீட்டு வாசல் வெயிலில் அவன் தாடையைப் பிடிக்கிறாள். வெகுநேரம் குனிந்து நின்றே அரிதாரம் பூசுகிறாள். மனைவி இறந்த பிறகு அவன் முகத்தை யாரும் தொட்டதில்லை. இமை துடிக்கிறது. மைக்குச்சி கண்ணோரத்தில் பொறுமையாகக் காத்திருக்கிறது.

"மீசை இல்லாம லெச்சணமாத்தான் இருக்கீங்க."

அவன் சிரிக்கிறான், சிரிப்போடு கண்ணும் நிறைகிறது. அவள் குச்சியை விலக்கி, ஒரு துணியை நீட்டுகிறாள்.

"அழுவுறதுன்னா இப்பவே அழுதுருங்க மாஸ்டர். மை வச்சப்பறம் ரதிதான் அழணும்."