நான்காவது குறை

மூன்றாவது தடவையாக அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள் நோரா.

“ரெண்டாவது பக்கத்துல சீல் இல்ல.”

ஏட்டு கோவிந்தப்பா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனார். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வர அவர் இரண்டு பஸ் மாற வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சுனிலுக்கு எரிச்சலாக வந்தது.

சில சின்ன தொலைபேசி நிறுவனங்களுக்காக போலீஸ் கடிதங்களுக்குப் பதில் அனுப்பும் வேலையைச் செய்து கொடுக்கும் அலுவலகம் அது. யார் யாரோடு பேசினார்கள், போன் எந்த டவருக்குக் கீழே இருக்கிறது என்று போலீஸ் கேட்கும். சட்டப்படி கேட்டிருந்தால் விவரத்தை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் குறையை எழுதித் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நூறு கடிதமாவது வரும். சாயங்காலத்துக்குள் எல்லா எண்ணும் ஒரே எண் மாதிரி தெரியும்.

இந்தக் கடிதத்தை மட்டும் சுனிலால் அப்படித் தள்ளிவைக்க முடியவில்லை. பார்கவி, வயது முப்பத்தொன்று. நான்கு வயது மகளோடு காணவில்லை. அவளுடைய போன் எங்கே இருக்கிறது?

சனிக்கிழமை வந்தபோது வழக்கின் தேதி விட்டுப்போயிருந்தது. திங்களன்று போன் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. இன்றைக்கு சீல்.

“குழந்தையும் சேர்ந்து காணோம் மேடம். நாளைக்குப் பேப்பரைக் கோணலா மடிச்சிருக்காங்கன்னு திருப்புவீங்களா?”

“மடிப்புக்கு ரூல் வந்தா திருப்புவேன்,” என்றாள் நோரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை அவள் விடுப்பு. பதினொரு மணிக்குக் கோவிந்தப்பா வந்தார். இவருக்கும் ஒரு ஐடி கார்டு போட்டுவிடலாம் என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தபடி செக்யூரிட்டி உள்ளே விட்டான்.

சுனில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். கடிதத்தை வரிவரியாகப் பார்த்தான். தேதி, பத்து இலக்கம், இரண்டு பக்கத்திலும் சீல், டி.சி.பி. கையெழுத்து.

“எல்லாம் கரெக்ட்டா இருக்கு சார். இப்பவே போட்டுடறேன். அரை மணி நேரத்துல உங்க இன்ஸ்பெக்டருக்கு லொகேஷன் போயிடும். இனிமே நீங்க அலைய வேணாம்.”

கோவிந்தப்பா எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு வாட்டி பாருங்க சார்.”

“பாத்துட்டேன்.”

“நல்லாப் பாருங்க.”

மேடம் உங்களை ரொம்பத்தான் பயமுறுத்தி வைத்திருக்கிறார் என்று சுனில் சிரித்தான்.

அவர் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார். ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்கத் தன்னுடையதுதான் என்றார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கடிதம் திரும்பி வந்ததில்லை. இந்த நான்கு நாளில் மட்டும் மூன்று. இன்ஸ்பெக்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார், மெமோ கொடுத்தார். நேற்று சாயங்காலம் அவரே உட்கார்ந்து டைப் பண்ணி, கையெழுத்து வாங்கி, சீலும் அவரே வைத்துவிட்டார்.

“அவருக்கு ஏன் சார் அவ்ளோ அவசரம்?”

“காணாமப் போனது அவர் சம்சாரம், தம்பி.”

சுனில் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“போன வருஷம் அந்தம்மாவுக்குக் கை ஒடிஞ்சுது. அடிச்சது யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். ஒரு தப்பில்லாம எழுதினேன்.”

மீதியையும் சொன்னார். நாளைக் காலையில் பார்கவி பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டில் மனு கொடுக்கிறாள். வக்கீல் வீட்டைக் காட்டிவிட்டதே இவர்தான். அதுவரைக்கும் அவள் இருக்கிற இடம் தெரிந்துவிடக் கூடாது.

“மேடத்துக்குத் தெரியுமா?”

“நான் சொல்லல. அவங்களும் கேக்கல. மொத நாள் என் மூஞ்சியைப் பாத்தாங்க. நிதானமா திருத்திட்டு வாங்கன்னாங்க.”

தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார்.

“மூணு தப்பு நான் பண்ணிட்டேன். இது அவர் கையால பண்ணது, என்னால ஒண்ணும் முடியல. நீங்கதான் பாத்து ஒண்ணு கண்டுபிடிக்கணும்.”

சுனில் திருப்பி அனுப்பும் படிவத்தை எடுத்தான். ‘டி.சி.பி. கையெழுத்து தெளிவாக இல்லை’ என்று எழுதினான்.

அவ்வளவு தெளிவான கையெழுத்தை அந்த வாரத்தில் அவன் பார்த்திருக்கவில்லை.