ஒரு விரல் இடைவெளி

சனிக்கிழமை, மணி மூன்று ஐம்பது. நான்குக்கு வரச்சொன்ன காயலான்கடைக்காரர் இப்போதே வாசலில் நிற்கிறார். ஸ்கூட்டரை எடைக்குப் போட அவரை அழைத்து வந்த மார்கரெட்டின் அண்ணன் ஜான்சன் சிரிக்கிறான். "ஆள் ஏறினா முன் சக்கரம் மட்காட்டுல இடிக்குது. இத்தப் போயி ஒரு வருசமா நோண்டிகினு கீற." மார்கரெட் நிமிரவில்லை. அப்பாவின் ஸ்கூட்டரைத் தனியாகவே பிரித்துக் கோத்தவள் அவள். மட்கார்டுக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுத்து உயர்த்தியாகிவிட்டது. இடைவெளியை அளக்க, சப்பாத்தி மாவை உருட்டி டயரின்மேல் ஒட்டுகிறாள். கைப்பிடியின்மேல் சாய்ந்து முழுக் கனத்தையும் இறக்குகிறாள். ஸ்பிரிங் முனகி அமிழ்கிறது. குனிந்து பார்க்கிறாள். மாவு நசுங்கியிருக்கிறது, ஆனால் ஒரு விரல் தடிமனுக்கு மிஞ்சியிருக்கிறது. கிரீஸ் கையால் பின் சீட்டைத் தட்டுகிறாள். "என்னவிட நீதான கனம்? ஏறி குந்துண்ணா, மாபலிபுரம் வரிக்கும் போயினு வரலாம். வழியில ஒருவாட்டி சக்கரம் இடிச்சாலும் நானே எடைக்குப் போட்டுடறேன். இன்னா, வர்றியா?"