ஆயம்மா

சிரிஷா புங்கமரத்தின் கவட்டையில் கால் வைத்ததை யாதம்மா பார்த்துவிட்டாள். ஆனால் கத்தவில்லை.

இந்த அடுக்ககத்துப் பூங்காவில் ஆயம்மாக்கள் கத்தக் கூடாது. பெஞ்சில் உட்காரவும் கூடாது. கூட்டிவந்த பிள்ளைக்குப் பின்னால் நிற்கலாம், அவ்வளவுதான்.

மணி ஐந்தரை. பதினோராவது மாடியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த கை இன்னும் ஈரமாக இருந்தது.

"மருந்தெல்லாம் வேணாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தினம் ஒரு மணி நேரம் மரம், புல்லு, மண்ணு இருக்கிற எடத்துல விடுங்க. அடைஞ்சு கெடக்கிற பிள்ளையோட கோபம் இது."

ஆறு வயதில் அப்படியொரு கோபம். வீட்டுக்குள் இருந்தால் சுவரில் தலையை முட்டுவாள். பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் கையை ரத்தம் வரக் கடித்திருக்கிறாள், இரண்டு முறை. இன்னொரு முறை நடந்தால் அனுப்ப வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

இங்கே வரத் தொடங்கிப் பத்தொன்பது நாள். யாரையும் கடிக்கவில்லை. நேற்று ஒரு மண்புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கிளை தாங்கியது. கால்தான் வழுக்கியது.

முழங்கால் வேரில் உரச, சிரிஷா கீழே விழுந்தாள். வாய் திறந்தது.

"ஆ..."

யாதம்மாவுக்கு மூச்சு நின்றது.

"...யம்மா!"

ஓடிப்போய்த் தூக்குவதற்குள், நடைபயிற்சியில் இருந்த சுஹாசினி மேடம் வந்துவிட்டாள். குடியிருப்போர் கமிட்டியில் இருப்பவள்.

"கண்ண எங்க வச்சிருந்தே? சம்பளம் வாங்கறது வேடிக்கை பாக்கவா?"

யாதம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ எந்த வீடுடா கண்ணா?"

"பி பிளாக், பதினொண்ணு நாலு."

வீட்டு எண்ணை முதல் நாளே யாதம்மா மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள்.

"அந்தப் புதுக் குடித்தனமா? நம்பர் எங்கிட்ட இருக்கு. மம்மிக்கு இப்பவே போன் போடறேன். ஆயம்மாவ நம்பி விட்டா என்ன கதின்னு தெரியட்டும்."

மேடத்தின் ஒரு கை சிரிஷாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மறு கையின் கட்டைவிரல் போனில் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு போன். நாளையிலிருந்து வேலை இல்லை. இந்த மரமும் இல்லை.

அப்போது சிரிஷாவின் தாடை இறுகுவதைப் பார்த்தாள். அந்த இறுக்கம் அவளுக்குத் தெரியும். அடுத்தது பல்தான்.

மேடத்தின் மணிக்கட்டு அந்த வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

சிரிஷா குனிந்து, காலடியில் இருந்த புல்லை ஒரு கை நிறையப் பற்றினாள். வேரோடு வந்தது. விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அதை இறுக்கிப் பிடித்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது.

நிமிர்ந்தாள்.

"வேணாம் ஆன்ட்டி. வலிக்கவே இல்ல. நான்தான் சொல்லாம ஏறினேன்."

முழங்காலில் இருந்து வழிந்த ரத்தம் கணுக்காலைத் தொட்டிருந்தது. வெள்ளைக் கவுனின் ஓரத்திலும் ஒரு பொட்டு.

கட்டைவிரல் நின்றது.

"அட தங்கமே! எங்க வீட்டு வானரமா இருந்தா இந்நேரம் பதினாலு மாடிக்கும் கேட்டிருக்கும்." மேடம் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு யாதம்மாவைப் பார்த்தாள். "பெத்தவ எப்படி வளர்த்திருக்கா பாரு. பாத்துக் கத்துக்கோ."

"சரிங்க மேடம்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு அவள் நடையைத் தொடர்ந்தாள்.

யாதம்மா முந்தானையால் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வேலைக்காரர்கள் போகும் சின்ன கேட்டில் கைப்பையைத் திறந்து காட்டினாள். காவல்காரன் பையை நன்றாகப் பார்த்தான். பிள்ளையைப் பார்க்கவில்லை, பத்தொன்பது நாளாக அவன் பார்ப்பதில்லை.

மியாப்பூர் சாலையைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் பின்னால் போனதும் சிரிஷா நின்றாள். அடுக்ககத்தின் எந்த ஜன்னலும் அங்கிருந்து தெரியாது. திரும்பி, ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

உதடு நடுங்கியது.

"அம்மா, இப்ப அழட்டா?"