வண்டி நிறுத்த ஓர் இடம்

“அசிங்கம்! வேற வார்த்தையே கிடைக்கல எனக்கு,” என்றாள் லவோன், மைக் முன்னால் நின்று. “நம்ம காலனிக்குள்ள நுழையற இடத்துலயே எண்பது கேரவன் வரிசையா நின்னா, பாக்கறவங்க நம்மள என்ன நினைப்பாங்க?”

அரங்கமே கைதட்டியது.

நகரத் திட்டக் குழுவின் கூட்டம் அது. ஓரின் ஸ்டக்கி தன்னுடைய காலி நிலத்தைக் குடியிருப்பு மனை என்ற கணக்கிலிருந்து மாற்றி, அக்கம்பக்கத்தாரின் கேரவன்களை நிறுத்தி வைக்கும் இடமாக்க அனுமதி கேட்டிருந்தார். அதை எதிர்த்து வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு மனுவில் அறுபத்து மூன்று கையெழுத்து வாங்கியிருந்தாள் லவோன்.

கேரவன் என்றாலே, அந்தப் படுக்கை வசதி வைத்த சுற்றுலா வண்டி என்றாலே, அவளுக்கு ஆகாது. யார் வீட்டு வாசலிலாவது கேரவன் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் காலனிச் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போகும். அந்த விதியைக் கொண்டுவந்தவள் அவள்தான். கடிகாரத்தைப் பார்த்துக் கடிதம் எழுதுபவளும் அவள்தான்.

கடைசி வரிசையில் அவள் கணவர் டெல்பர்ட், காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மனைவி மேடையேறினால் அவருக்கு அதுதான் வேலை.

அடுத்து ஓரின் எழுந்தார். எழுபது வயது. மூன்று நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும்.

“நிலத்துக்கு மேல ஹைடென்ஷன் கரண்ட் கம்பி போகுது. வீடு கட்ட விட மாட்டேங்கறீங்க. சும்மா விட்டா களை வளருது, அதுக்கும் நோட்டீஸ் அனுப்பறீங்க. இதுவும் இல்லன்னா, வீட்டையும் சேத்து வித்துட்டு அரிசோனாவுல மக வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு இந்த ஊர விட்டுப் போக மனசு இல்ல.”

“காலனியே எதிர்க்குதே, மிஸ்டர் ஸ்டக்கி,” என்றார் குழுத் தலைவி. “உங்க இடம் யாருக்கு வேணும்? முன்பதிவு பண்ணினவங்க பட்டியல் இருக்கா? இருந்தா படிங்க.”

ஓரினின் கை சட்டைப் பைக்குள் போனது. கண் கடைசி வரிசைக்குப் போனது. கை வெறுமனே வெளியே வந்தது.

“வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன், மேடம்.”

“இருந்தாத்தானே கொண்டு வர!” என்று லவோன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். அரங்கம் சிரித்தது.

பத்து நிமிட இடைவேளை. அதன் பிறகு லவோன் கடைசியாக ஒரு வார்த்தை பேசலாம். அப்புறம் ஓட்டெடுப்பு.

வெற்றி நிச்சயம் என்ற தெம்பில் பிஸ்கட் எடுத்துக்கொண்டு திரும்பிய லவோன், கதவுக்குப் பின்னால் கணவர் குரல் கேட்டு அப்படியே நின்றாள்.

“ஓரின், அந்தப் பேப்பர எடுத்துப் படிச்சிடுங்க. எனக்காக நிலத்தக் கோட்டை விடாதீங்க.”

“முதல் பேரே உங்க பேருதான், டெல்பர்ட். படிச்சா நாப்பதாவது கல்யாண நாள் பரிசு அம்போ! வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்.”

“அடுத்த மாசம் நான் வாங்கின கேரவன் வருதே, எங்க நிறுத்துவேன்? வாசல்ல நிறுத்தினா மூணாம் நாள் எனக்கே கடிதம் எழுதுவா.”

“எழுதுவாங்க, எழுதுவாங்க,” என்று ஓரின் சிரித்தார்.

“படுக்கையில படுத்தபடியே கடலைப் பாக்கணும்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னா, ஓரின். அவளே மறந்திருப்பா. நான் மறக்கல.”

லவோன் மறந்துதான் போயிருந்தாள். இப்போது நினைவுக்கு வந்தது. கையிலிருந்த பிஸ்கட் உடைந்தது. ஊரை விட்டே போனாலும் போவேன், கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்று நிற்கும் மனிதரைப் போய்ச் சில நிமிடத்துக்கு முன்னால்தான் பொய்யர் என்று எல்லோரும் சிரிக்கும்படி செய்திருந்தாள்.

கூட்டம் மறுபடி கூடியது. லவோன் மைக்கைப் பிடித்தாள்.

“மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்.”

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “காரணம்?”

உண்மையைச் சொன்னால் டெல்பர்டின் பரிசு பாழாகிவிடும். லவோன் எதிரே கிடந்த ஓரினின் விண்ணப்பத்தைப் புரட்டினாள்.

“வேலி... மிஸ்டர் ஸ்டக்கி சுத்தி வேலி போடறதா எழுதியிருக்கார். நல்ல வேலி. எனக்கு... வேலின்னா ரொம்பப் பிடிக்கும்.”

கையெழுத்துப் போட்ட அறுபத்து மூன்று பேரும் தன் மேல் பாயப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டது. முதலில் கேட்டதைவிட இரண்டு மடங்கு.

குழுவின் ஐந்து கைகளும் ஒன்றாக உயர்ந்தன. அனுமதி கிடைத்துவிட்டது. டெல்பர்ட் முதல் முறையாகக் காபிக் கோப்பையிலிருந்து தலை தூக்கினார். லவோன் ஒன்றும் தெரியாதவள் போலக் கைப்பையை மூடினாள்.

கூட்டம் கலைந்ததும் ஓரினிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். போக முடியவில்லை. அவரைச் சுற்றி ஒரே கும்பல். முன்னால் நின்றவள் எதிர்வீட்டு மார்லா.

“ஓரின், ஏழாம் நம்பர் இடம் எனக்குத்தானே? பட்டியல்ல இருக்கில்ல?”

“இருக்கு, மார்லா. எல்லார் பேரும் இருக்கு,” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார் ஓரின்.

லவோனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்லாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அடிப்பாவி, நீயுமா? என் மனுவுல ரெண்டாவது கையெழுத்தே உன்னோடதுதானே!”

“போடற வரைக்கும் நீ எங்க வாசலை விட்டு நகரலியே, லவோன்!” என்றாள் மார்லா. “வாசல்ல எதையும் ரெண்டு நாளுக்கு மேல நிக்க விடக் கூடாதுன்னு நீதானே விதி போட்ட?”