மணி அடித்த அம்மா

காலை வெயில் கதவில் சாய்ந்திருக்கிறது. எதையும் மெதுவாகக் கற்கும் முப்பது வயது மகன் தனியாகக் குடிவந்திருக்கும் வீடு. முதன்முறை வந்திருக்கும் அம்மா அவன் அறைக்குள் கேட்காமலே நுழைந்த பழக்கதோஷத்தில் மாற்றுச்சாவியை எடுக்கிறாள். அவனுக்கு உதவ வந்துபோகும் பெண் தலையசைத்துத் தடுத்து, மணியைக் காட்டுகிறாள். அம்மா அழுத்துகிறாள். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி நிற்கிறது. “யாரு?” “அம்மாடா, திற.” “இருங்க.” கதவைத் திறக்கும்முன் செய்யவேண்டியதை வரிசையாகக் காட்ட சுவரில் ஒட்டிய படங்களை அவன் ஒவ்வொன்றாகத் தட்டுவது கேட்கிறது. “கேட்டாச்சு.” கதவின் கண்ணாடித் துளை இருள்கிறது. “பாத்தாச்சு. அம்மாவேதான். அடுத்தது சங்கிலி.” சங்கிலி இரண்டு முறை நழுவுகிறது. தன்னையறியாமல் நீண்ட அம்மாவின் கை பாதியில் நிற்கிறது. கதவு திறக்கிறது. சட்டையில் பொத்தான் மாறியிருக்கிறது, வாயெல்லாம் பல். அவள் கையைப் பார்க்கிறான். “சாவி எதுக்கும்மா? அதான் நான் வீட்ல இருக்கேன்ல!”